அவருக்குப் பதில் இவர்: சூப்பர் ஹீரோவின்ர முகம் மாறேக்க சனம் ஏன் கொதிக்குது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

புதுசா ஒரு நடிகரிட பேர் அறிவிச்சா காணும், எங்கட பெடியள் கூடுற இடமெல்லாம் இதே கதைதான். ரியூஷன் முடிஞ்சு வாசல்ல நிண்டும் இதைத்தான் கதைக்கினம், கனடாவில இருக்கிற மச்சான்மார் போன் எடுத்தாலும் இதைத்தான் கதைக்கினம். திரும்பத் திரும்ப வாற கேள்வியளுக்கு எனக்குத் தெரிஞ்சதையும் நான் நினைக்கிறதையும் சேர்த்து எழுதியிருக்கிறன். படக்கதை சில இடத்தில வெளிய வரும், இன்னும் பாக்காத ஆக்கள் கவனம்.

இருந்த ஆள் நல்லாத்தானே செய்தவர், பிறகு ஏன் மாத்தினம்?

ஒரு காரணம் எண்டில்லை. ஒப்பந்தம் முடியும், சம்பளம் ஒத்து வராது, இயக்குநர் விலகுவார், நடிகருக்கு வயசு போகும், இல்லாட்டி முதல்ல இருந்து தொடங்குவம் எண்டு ஸ்ரூடியோ முடிவெடுக்கும்.

ஸ்பைடர்மேனை எடுங்கோ. டோபி மக்குவயர் 2002, 2004, 2007 எண்டு மூண்டு படம் நடிச்சார். நாலாவதுக்கும் ஆயத்தம் நடந்து 2010 ஜனவரியில கைவிட்டிட்டினம். படம் எடுக்கிற சோனியிட்ட இருக்கிறது கொமிக்ஸ் கம்பெனியான மார்வெலிட்ட வாங்கின உரிமை, குறிச்ச காலத்துக்குள்ள படம் எடுக்காட்டி அது திரும்பிப் போயிடும், அதால சும்மா இருக்கவும் ஏலாது. 2012ல அன்ட்ரூ கார்பீல்ட் வந்தார், 2014ல வந்த அவற்ற ரெண்டாவது படம் எதிர்பார்த்த அளவுக்குப் போகேல்லை, 2015ல சோனியும் மார்வெலும் சேர்ந்து வேலை செய்ய ஒத்துக்கொண்டினம், 2016ல டொம் ஹொலண்ட் வந்திட்டார். இதில எந்த நடிகரும் ஒரு பிழையும் விடேல்லை, எல்லாம் கம்பெனியளுக்கு இடையில நடந்த அலுவல். ஆனா சனத்தின்ர கோவம் முழுக்க விழுந்தது புதுசா வந்த ஆளில.

சரி, ஆனா படத்தைப் பாக்க முதலே ஏன் இவ்வளவு கோவம்?

நான் நினைக்கிறன் அது புது ஆளில உள்ள கோவமே இல்லை, பழைய ஆளில உள்ள பாசம். பத்து வயசில பாத்த முகம் மனசில நிண்டிடும். கரண்ட் இருந்த நேரம் பாத்து, ஆற்றையோ வீட்டு ரிவியில பத்துப் பேர் நெருக்கிக்கொண்டிருந்து பாத்த படம் எண்டா இன்னும் ஆழமா நிக்கும். அந்த முகத்தை எடுக்கேக்க அந்தக் காலத்தையும் சேர்த்துப் பறிக்கிற மாதிரிக் கிடக்கு. அதை வாய் விட்டுச் சொல்லத் தெரியாமல் "இவன்ர நாடி சரியில்லை, உயரம் காணாது" எண்டு பிழை பிடிக்கினம்.

உயரம் எண்டோண்ண ஞாபகம் வந்தது. எக்ஸ்-மென் படங்களில கையில நகம் முளைக்கிற வுல்வரின் வேசத்துக்கு முதல்ல எடுத்தது டக்ரே ஸ்கொட் எண்ட நடிகரை, அவருக்கு வேற படத்தின்ர ஷூட்டிங் இழுபட்டதால கடைசி நேரத்தில ஹியூ ஜக்மன் வந்தார். கொமிக்ஸில வுல்வரின் 5 அடி 3 அங்குலம், ஜக்மன் 6 அடிக்கும் மேல. "இந்த நெட்டையனோ?" எண்டு அப்ப கேட்ட கூட்டம்தான் இப்ப ஜக்மனைத் தவிர வேற ஆர் நடிச்சாலும் பாக்க மாட்டம் எண்டு நிக்குது. 2000ல தொடங்கின மனுசன் 2024லயும் அதே நகத்தோட வந்தவர்.

படம் வர முதல் திட்டினது எப்பவாவது சரியா வந்திருக்கா?

சில நேரம் வந்திருக்கு, ஆனா பிழைச்சதுதான் கூட.

மைக்கல் கீற்றனைப் பேட்மேன் எண்டு 1988ல அறிவிக்கேக்க அவர் அறியப்பட்டது பகிடிப் படங்களால. படம் எடுத்த வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 கடிதம் வரைக்கும் எதிர்ப்பு வந்ததெண்டு இண்டைக்கும் சொல்லப்படுது. இன்டர்நெற் இல்லாத காலத்தில, பேனை எடுத்து, கடதாசியில எழுதி, முத்திரை ஒட்டிப் போட்ட கடிதங்கள். யோசிச்சுப் பாருங்கோ, அவ்வளவு மினக்கெடுறதெண்டா எவ்வளவு பாசம் இருக்கோணும். 1989ல படம் வந்து உலகம் முழுக்க 400 மில்லியன் டொலருக்கு மேல உழைச்சுது. பிறகு அதே கீற்றனைத்தான் கனபேர் "எங்கட பேட்மேன்" எண்டினம். 2023ல அவர் திரும்ப அந்த உடுப்போட வரேக்க கை தட்டின ஆக்களில அந்தக் கடிதம் எழுதினவையும் இருந்திருப்பினம் எண்டுதான் நான் நம்புறன்.

ஹீத் லெட்ஜர் ஹீரோ இல்லை, வில்லன், ஆனா இதில அவரை விடேலாது. 2006ல பேட்மேனின்ர எதிரி ஜோக்கரின்ர வேசம் அவருக்கு எண்டோண்ண "காதல் படம் நடிக்கிற பெடியனுக்கு ஜோக்கரோ" எண்டு கொதிச்சவை. 2008 ஜனவரியில அவர் இறந்து போனார், ஜூலையில படம் வந்தது, 2009ல ஒஸ்கார் விருதை அவற்ற குடும்பம்தான் மேடையில ஏறி வாங்கினது. தன்னைத் திட்டின சனம் பிறகு எழும்பி நிண்டதை அந்தப் பெடியன் பாக்கவே இல்லை. எனக்கு இதை நினைச்சா இண்டைக்கும் நெஞ்சு கனக்கும்.

மற்றப் பக்கமும் சொல்லோணும். 1997ல ஜோர்ஜ் குளூனி பேட்மேன். அந்தப் படம் விழுந்த விழுகையில பிறகு எட்டு வருசம் பேட்மேன் படமே வரேல்லை. குளூனியே எத்தினையோ தரம் பேட்டியளில மன்னிப்புக் கேட்டிட்டார். ஆனா வடிவாப் பாத்தா அங்க முறிஞ்சது கதையும் படத்தை எடுத்த விதமும், தனிய அவற்ற முகமில்லை. 2013ல பென் அஃப்லெக், 2019ல றொபேர்ட் பற்றின்சன் எண்டு பேர் வரேக்கயும் அதே கூச்சல். பற்றின்சன் நடிச்சு 2022ல வந்த படத்தைப் பாத்தா தெரியும், அரைவாசிப் படம் முகமூடியோடதான், கண்ணாலயும் நாடியாலயும் மட்டும் நடிச்சிருக்கிறார். அதைப் போஸ்ரரைப் பாத்துக் கணிக்க ஆராலயும் ஏலாது.

கையெழுத்து வேட்டை நடத்தினா ஸ்ரூடியோ கேக்குமா?

பேட்மேன் விசயத்தில கேக்கேல்லை. அஃப்லெக்குக்கும் எதிரா, பற்றின்சனுக்கும் எதிரா ஒன்லைன்ல கையெழுத்துச் சேர்த்தவை, ரெண்டு பேரும் நடிச்சு முடிச்சவை.

மூண்டு ஸ்பைடர்மேனில ஆர் திறம்?

இதைக் கேக்காத ஆள் இல்லை. மக்குவயர் வீட்டு வாடகைக்கு அல்லாடுற பெடியன், எங்கட சனத்துக்கு அது நல்லா விளங்கும். ஹொலண்ட் உண்மையிலயே பள்ளிக்கூடப் பெடியன் மாதிரி. இந்த ரெண்டு பேருக்கும் நடுவில அம்பிட்டுப் போனது கார்பீல்ட். அவருக்காக நான் கொஞ்சம் கூடவே கதைப்பன்.

2014 படத்தில அவற்ற காதலி க்வென் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குள்ள விழுவா, அவர் வலையை விடுவார், வலை பிடிக்கும், ஆனா பிந்திப் போச்சு. அதோட அவற்ற ஸ்பைடர்மேன் கதையே நிண்டு போச்சு, அந்தத் துக்கத்துக்கு ஒரு முடிவும் இல்லாமல். 2021ல மூண்டு பேரும் ஒண்டா வந்த படத்தில, சுதந்திர தேவி சிலையில கட்டியிருந்த சாரத்தில இருந்து ஹொலண்டின்ர காதலி எம்.ஜே. விழுறா, ஹொலண்ட் பாயிறார், இடையில வில்லன் அடிச்சுக்கொண்டு போறான், அப்ப கார்பீல்ட் குதிச்சு அவவைப் பிடிச்சுக்கொண்டு நிலத்தில இறங்குவார். ஒண்டுமில்லையே எண்டு கேட்டிட்டு அவற்ற சொண்டு நடுங்கும், கண் நிறையும். காப்பாற்றப்பட்ட பிள்ளை திருப்பி அவரைக் கேக்கும், உங்களுக்கு ஓகேயோ எண்டு. சில செக்கன்தான். என்ர சித்தியின்ர மகன், கார்பீல்ட் பேரைச் சொன்னாலே மூஞ்சையைச் சுழிக்கிறவன், அந்த இடத்தில லப்ரொப்பை நிப்பாட்டிப் போட்டுக் கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை.

பாத்த சனமும் அந்தப் படத்தோட மனம் மாறினது. மூண்டாவதா அவரை வைச்சு ஒரு படம் எடுங்கோ எண்டு கேட்டவை. எனக்கு அது காணும், ஆர் திறம் எண்ட கேள்விக்கு இதுக்கு மேல மறுமொழி இல்லை.

நடிகர் மாறினதைக் கதைக்குள்ள விளக்கோணுமா?

தேவையில்லை எண்டுதான் நினைக்கிறன். அயர்ன்மேனின்ர சிநேகிதன் றோடியா 2008ல நடிச்சது ரெறன்ஸ் ஹவார்ட், 2010ல டொன் சீடில். ரெண்டாவது படத்தில விசாரணை மண்டபத்துக் கதவு திறந்து சீடில் உள்ள வருவார், அயர்ன்மேனான ரோனி ஆச்சரியப்படுவான், அவர் "நான்தான், வந்திட்டன், ஏற்றுக்கொள், இனி வேலையைப் பாப்பம்" எண்ட மாதிரி ஒண்டு சொல்லிப்போட்டு இருந்திடுவார். ரோனிக்குச் சொன்ன மாதிரியும் இருக்கும், எங்களுக்குச் சொன்ன மாதிரியும் இருக்கும்.

ஹல்க் அப்பிடித்தான். எரிக் பானா 2003, எட்வேர்ட் நோர்ட்டன் 2008, மார்க் ரஃபலோ 2012. ரஃபலோ வாற முதல் காட்சி எங்கட பக்கத்து நாட்டில, கொல்கத்தாவில வருத்தக்காரருக்கு மருந்து குடுத்துக்கொண்டிருப்பார். கையைப் பிசைஞ்சுகொண்டு, கூச்சத்தோட, எந்த நேரமும் மன்னிப்புக் கேக்கப் போற மாதிரி ஒரு மனுசன். கொஞ்ச நேரத்திலயே பழைய ரெண்டு பேரையும் நாங்கள் தேடேல்லை.

நடிகர் இறந்து போனா? சட்விக் போஸ்மனுக்குப் பதிலா ஆளைப் போட்டிருக்கலாமா?

கஷ்டமான கேள்வி, ரெண்டு பக்கத்திலயும் நியாயம் இருக்கு.

பிளக் பந்தர் எண்ட ராசாவா நடிச்ச போஸ்மன் தனக்குக் கான்சர் எண்டதை வெளிய சொல்லாமலே நடிச்சு 2020 ஓகஸ்ட் 28ம் திகதி காலமானார். மார்வெல் வேற ஆளைப் போடேல்லை, 2022ல வந்த ரெண்டாவது பிளக் பந்தர் படத்தில அந்த ராசாவும் நோய் வந்து இறந்ததாக் கதையை மாத்தினவை. படம் தொடங்கேக்க வாற மார்வெல் எழுத்து முழுக்க அவற்ற படங்கள், பாட்டும் இல்லை, இசையும் இல்லை, அமைதி. பெரிய சத்தத்தோட தொடங்கிற படங்களையே பாத்துப் பழகின எங்களுக்கு அது செத்த வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி இருந்தது.

ஆனா வேற நடிகரைப் போடுங்கோ எண்டு ஒரு இயக்கமே நடந்தது. அவை கெட்ட எண்ணத்தில கேக்கேல்லை. கறுப்பினப் பிள்ளையளுக்குக் கிடைச்ச ராசா அவர், பேட்மேனுக்கு எத்தினையோ பேர் வரலாம் எண்டா எங்கட ராசா மட்டும் ஏன் ஒரு ஆளோட சாகோணும் எண்டு கேட்டினம். அந்தக் கேள்விக்கு லேசில மறுமொழி சொல்லேலாது.

எனக்கெண்டா அது நேரம் சம்பந்தப்பட்ட விசயம். அந்தியேட்டி முடிய முதல் செத்தவற்ற சாய்மனைக் கதிரையில வேற ஆளை இருத்துவமோ? ஆனா அந்தக் கதிரையைக் காலம் முழுக்க வெறுமையா வைச்சிருக்கவும் தேவையில்லை. உடன போடாதது சரி, பிறகு ஒரு நாள் அந்த வேசம் வேற ஆளுக்குப் போனாலும் அதுவும் சரி. போஸ்மனுக்கு அதில ஒரு குறைவும் வராது.

அயர்ன்மேனுக்குத் தமிழ்ல குரல் மாறினதுக்கு ஏன் அவ்வளவு சண்டை?

இது முழுக்க எங்கட தமிழ்ச் சனத்தின்ர கதை. 2019ல வந்த கடைசி அவெஞ்சர்ஸ் படத்தின்ர தமிழ் டப்பிங்கில அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதியும் பிளக் விடோவுக்கு ஆண்ட்ரியாவும் குரல் குடுத்தவை. தமிழ் ரெய்லர் வந்தோண்ண ரசிகர்கள் கொதிச்சிட்டினம். விஜய் சேதுபதி நல்ல நடிகர், அதில ஆருக்கும் சந்தேகமில்லை. ஆனா வருசக்கணக்கா வேற குரல்ல கேட்ட ரோனி ஸ்ராக், சாகப் போற படத்தில புதுக் குரல்ல கதைக்கிறார். திரையில முகம் அதே முகம், ஆனா காதுக்கு ஆள் மாறிப் போச்சு. முன்னம் குரல் குடுத்தவரிட பேர் கனபேருக்குத் தெரியாது, ஆனா அவரில்லை எண்டது உடன தெரிஞ்சுது.

இதில நான் ரசிகர்களோடதான் நிக்கிறன். புதுக் கதை தொடங்கேக்க புது ஆள் வாறது வேற, பத்து வருசக் கதையின்ர கடைசி அத்தியாயத்தில விளம்பரத்துக்காகப் பெரிய பேரைக் கொண்டு வாறது வேற.

அம்மம்மா சீரியல்ல ஆள் மாறினா ஏன் பேசாமல் பாக்கிறா?

"அவருக்குப் பதில் இவர்" எண்டு கீழ எழுத்து ஓடும், அம்மம்மா ஒருக்கா "ஆ, இதோ இப்ப மருமோன்?" எண்டுவா, அடுத்த நாள் அந்தப் புது ஆளையே பேர் சொல்லித் திட்டத் தொடங்கிடுவா. அவவுக்கு முக்கியம் மருமோன் என்ன செய்யிறான் எண்டது.

அது சும்மா வந்த பழக்கமில்லை. எங்கட ஊர்ச் சனம் கூத்துப் பாத்து வளர்ந்த சனம். யாழ்ப்பாணத்தில குருநகர், பாஷையூர், நாவாந்துறைப் பக்கம் விடிய விடிய ஆடின கத்தோலிக்கக் கூத்துகளில ஒரே ராசா வேசத்தை ரெண்டு மூண்டு பேர் பிரிச்சு ஆடுவினம். முன்னிரவில ஒரு ராசா, சாமம் கடந்து வேற ராசா. முதல் ஆள் உள்ள போவார், அடுத்தவர் வரவுப் பாட்டோட வருவார், கூத்துப் பழக்கின அண்ணாவியார் தாளம் போடுவார், சனம் இருந்து பாக்கும். ஊரில ஆடத் தெரிஞ்சவை கன பேர் இருக்கேக்க ஒரு ஆளே விடியுமட்டும் ஏன் ஆடோணும்? முடியைத் தலையில வைச்சுக்கொண்டு வந்து பாடினா அவர்தான் ராசா.

அதுக்காக ஒப்பிடாமலும் இருக்கேல்லை. நடிகமணி வி.வி. வைரமுத்துவின்ர மயான காண்டம் எண்ட அரிச்சந்திரன் நாடகம் பாத்த பழைய ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ, அரிச்சந்திரன் எண்டா அவர்தான், வேற ஆர் சுடலையில நிண்டு பாடினாலும் "ம், பறவாயில்லை, ஆனா வைரமுத்து பாடினா..." எண்டு இழுப்பினம். அவர் 1989ல காலமானார். அதுக்குப் பிறகும் அரிச்சந்திரன் இஞ்ச மேடை ஏறிக்கொண்டுதான் இருக்கிறான். இழுத்துக்கொண்டு சொல்லுற அந்தப் பெரியவர்கள் வீட்டில இருக்கேல்லை, அடுத்த ஆளின்ர நாடகத்துக்கும் போய்ப் பாய் விரிச்சு இருந்து முழுக்கக் கேட்டிட்டுத்தான் வந்து குறை சொன்னவை.

அப்ப புது ஆள் பிடிக்கேல்லை எண்டு சொல்லவே கூடாதோ?

தாராளமாச் சொல்லுங்கோ, பாத்திட்டுச் சொல்லுங்கோ, நடிப்பைச் சொல்லுங்கோ. அந்தாளின்ர பக்கத்துக்குப் போய் வீட்டுக்காரரை இழுத்துத் தூசணத்தில எழுதுறது வேற வேலை. 2021ல வயட் ரஸல் புதுக் கப்ரன் அமெரிக்காவா வந்தார், கதைப்படியே சனம் வெறுக்கவேண்டிய ஆள் அது, அவர் அதை வடிவாச் செய்தார், அதுக்குப் பரிசா அவருக்குக் கிடைச்சது திட்டு. நல்லா நடிச்சதுக்கு ஒரு மனுசனைத் திட்டுறது எந்த ஊர் நியாயம்?

ஹென்றி கவிலை விலக்கினதில வந்த கோவம் நியாயமா?

அதில நியாயம் இருக்கு. 2013ல இருந்து சூப்பர்மேன், 2022 ஒக்ரோபர்ல திரும்பி வாறன் எண்டு அவரே அறிவிச்சார், டிசம்பர்ல இல்லையாம் எண்டும் அவரே அறிவிக்கவேண்டி வந்தது. ரெண்டு மாசத்துக்குள்ள ஒரு மனுசனை அப்பிடி நிக்க வைச்சது பிழை. ஆனா அதுக்கு டேவிட் கோரன்ஸ்வெட் என்ன செய்வார்? 2025 படத்தில அவர் செய்த சூப்பர்மேன் கொஞ்சம் வெகுளி, அடி வாங்கி விழுவார், நாய்க்குட்டியோட மல்லுக்கட்டுவார், எனக்கு நல்லாப் பிடிச்சது. கவிலுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டே இவரையும் ரசிக்க ஏலும், மனசில இடம் காணாமல் போகாது.

அதே முகம் வேற வேசத்தில வந்தா?

அயர்ன்மேனா நடிச்ச றொபேர்ட் டவுனி ஜூனியர் வில்லன் டொக்ரர் டூமா வாறார் எண்டு 2024 ஜூலையில அறிவிக்கேக்க ரசிகர் கூடின மண்டபமே அதிர்ந்தது. கிறிஸ் எவன்ஸ் 2005ல நெருப்பு மனிதன், 2011ல கப்ரன் அமெரிக்கா, இப்ப முதல் வேசம் கன பேருக்கு ஞாபகமே இல்லை. டவுனிக்கு அது லேசில நடக்காது எண்டுதான் எனக்குப் படுது.

சின்னப் பிள்ளையளுக்கு ஆற்ற படத்தை முதல் காட்டுறது?

ஸ்பைடர்மேன் எண்டா மக்குவயரின்ர முதல் ரெண்டையும் காட்டுங்கோ, பிறகு கார்பீல்ட், பிறகு ஹொலண்ட், மூண்டு பேரும் சேருற படத்தைக் கடைசியா வையுங்கோ, இல்லாட்டி அந்த எம்.ஜே. விழுற இடம் அவைக்கு ஒண்டும் செய்யாது. சூப்பர்மேன் எண்டா கிறிஸ்தோபர் ரீவின்ர 1978 படத்தில தொடங்கலாம், மெதுவாப் போகும், பக்கத்தில இருந்து கதை சொல்லுங்கோ. பேட்மேன் பத்து வயசுக்குக் கீழ வேண்டாம், லெட்ஜரின்ர ஜோக்கர் ராவில கனவில வரும். எதைக் காட்டினாலும் "இவர்தான் உண்மையான ஆள், மற்றவை டூப்பு" எண்டு மட்டும் முதலே சொல்லிக் குடுக்காதேங்கோ, அவை தங்கட ஆளைத் தாங்களே பிடிக்கட்டும்.